வலமா, இடமா?

கரை சொன்ன கதை – 17

2022 டிசம்பர் 9, வெள்ளிக்கிழமை இரவு. பத்தரை மணிக்கு மேல் மாமல்லபுரத்தை ஒட்டிக் கரையைத் தொடத் தொடங்கிய மாண்டஸ் புயல், பின்னிரவு ஒன்றரை மணிக்குள் முழுதாக நிலத்துக்குள் ஏறிவிட்டது. மணிக்கு 65 முதல் 75 கிலோமீட்டர் காற்று, விட்டுவிட்டு 85. வங்கக்கடல் புயல்களின் கணக்கில் இது நடுத்தரத்துக்கும் கீழே. முந்தைய நாள் கடலில் தீவிர புயலாக இருந்தது, கரைக்கு வரும்போது வெறும் புயலாகத் தளர்ந்திருந்தது.

தேவனேரிக் குப்பத்தில் ஒரு மூத்த மீனவரிடம் அந்த இரவைப் பற்றிப் பின்னாளில் கேட்டேன். தொலைக்காட்சி பார்த்தீர்களா என்றேன்.

"கரன்ட் எங்க இருந்திச்சி தம்பி? வாசல்ல குந்திக்கினு காத்தப் பாத்துக்கினே இருந்தேன். சாயங்காலம் நல்ல வாடை. அது கொண்டலுக்குத் திரும்பிச்சின்னா புயல் நமக்குத் தெக்கால போவுதுன்னு அர்த்தம். கச்சானுக்குத் திரும்பிச்சின்னா வடக்கால போயிடிச்சி. அன்னிக்கு ரெண்டும் இல்ல. செத்த நேரம் அடங்கினாப்புல இருந்திச்சி. அப்பறம் தெக்கேர்ந்து ஒரு அடி அடிச்சிது பாரு, அப்பத்தான் நம்ம தலைக்கு மேலயே போவுதுன்னு தெரிஞ்சிது."

வடக்கிலிருந்து வரும் வாடை, கிழக்கிலிருந்து வரும் கொண்டல், மேற்கிலிருந்து வரும் கச்சான். மூன்று பெயர்களை வைத்துக்கொண்டு இருட்டில் உட்கார்ந்தபடி ஒரு புயலின் பாதையை அவர் வரைந்துவிட்டார். நம் வட அரைக்கோளத்தில் புயல் இடஞ்சுழியாகச் சுழல்கிறது. காற்றுக்கு முதுகு காட்டி நின்றால் புயலின் மையம் உங்கள் இடக்கைப் பக்கம் இருக்கும். இதை 1857இல் பாய்ஸ் பாலட் என்ற டச்சு அறிஞர் விதியாக எழுதினார். அவர் பெயரைக் கேள்விப்படாமலே தேவனேரிக்காரர் அதைக் கையாள்கிறார்.

இந்தக் கரையில் வானிலையை முன்கூட்டிச் சொல்லும் முயற்சி முழுக்க இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் வளர்ந்தது. புயல் எனக்கு வலமாகப் போகுமா, இடமாகப் போகுமா? கேட்டவர் முதலில் யார் என்பதில்தான் இந்த அத்தியாயத்தின் கதை இருக்கிறது.

*

கேட்டது கப்பல். சென்னையிலிருந்து புதுச்சேரி வரை ஏறத்தாழ 150 கிலோமீட்டர் நீளத்துக்கு இயற்கைத் துறைமுகம் ஒன்றுகூடக் கிடையாது. கோவளம், சதுரங்கப்பட்டினம், ஆலம்பரை என்று வணிகம் செழித்த ஊர்கள் எல்லாமே திறந்த கடலோரம்தான். கப்பல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். படகுகள் அலையைத் தாண்டிச் சரக்கை ஏற்றி இறக்கும். புயல் வந்தால் ஒதுங்க மறைவில்லை. நங்கூரக் கயிற்றை அறுத்துக்கொண்டு ஆழ்கடலுக்கு ஓடுவதுதான் ஒரே வழி. எந்தத் திசையில் ஓடுவது என்று தெரியாதவன் புயலின் வாய்க்குள்ளேயே போய் விழுவான்.

1746 செப்டம்பரில் லா பூர்தொனே தலைமையில் வந்த பிரெஞ்சுக் கடற்படை சென்னையைப் பிடித்தது. பிடித்த நகரத்தை என்ன செய்வது என்று அவருக்கும் புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்கும் பூசல். பேச்சு இழுத்துக்கொண்டே போக, கப்பல்கள் சென்னைக் கரையோரம் நின்றுகொண்டே இருந்தன. அக்டோபர் 13 இரவு புயல் வந்தது. கப்பல்கள் மூழ்கின; மிஞ்சியவை பாய்மரம் முறிந்து மிதந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தேறிய கப்பல்களோடு லா பூர்தொனே இந்தக் கரையை விட்டே போனார். கடற்பலத்தை இழந்த துய்ப்ளேக்குச் சென்னை கையில் இருந்தும் கடலூரின் செயின்ட் டேவிட் கோட்டை கடைசிவரை வசப்படவில்லை. தென்னிந்தியாவில் யார் ஆள்வது என்ற வழக்கில் ஐப்பசிக் காற்றும் ஒரு தரப்பாக நின்றது என்று நான் நம்புகிறேன்.

பதினான்கு ஆண்டுகள் கழித்துப் புயல் மறுபக்கத்தைத் தாக்கியது. 1760இல் ஆங்கிலேயர் ஆலம்பரைக் கோட்டையைப் பிடித்திருந்தார்கள். கடப்பாக்கத்துக் கழிமுகத்தின் ஓரத்தில் அதன் செங்கல் சுவர்கள் இன்றும் சிதைந்து கிடக்கின்றன. பிறகு புதுச்சேரியை நிலத்திலும் கடலிலும் வளைத்துக்கொண்டார்கள். மார்கழி பாதி தாண்டியிருந்தது. பருவம் ஓய்ந்தது என்று எண்ணியிருந்த வேளையில், 1761 ஜனவரி 1 அன்று முற்றுகைக் கப்பல்களைப் புயல் சூறையாடியது. ஆயிரத்துக்கு மேற்பட்ட மாலுமிகள் கடலோடு போனார்கள். ஆனால் தப்பிய கப்பல்கள் சில நாட்களில் மறுபடி வந்து கடலை அடைத்தன. ஜனவரி நடுவில் புதுச்சேரி பணிந்தது. புத்தாண்டு நாளிலும் இங்கே புயல் வரும் என்பது அப்போதே ரத்தத்தில் எழுதப்பட்ட பாடம். 2011இல் தானே புயல் டிசம்பர் 30 அன்று புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரை கடந்தபோது "இந்த நேரத்தில் புயலா?" என்று பலரும் வியந்தார்கள். இந்தக் கரைக்கு அது புதிதல்ல.

இத்தனை இழப்புக்கும் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி கண்ட மருந்து நாட்காட்டி. அக்டோபர் 15 அன்று சென்னைக் கோட்டையின் கொடிமரம் இறக்கப்படும். டிசம்பர் 15 வரை ஏறாது. அந்த இரண்டு மாதங்களில் இங்கே வந்து நிற்கும் கப்பலுக்குக் காப்பீடு செல்லாது. புயல் என்றைக்கு வரும் என்று சொல்லத் தெரியாதபோது பருவம் முழுவதையுமே பூட்டி வைப்பதுதான் முன்னறிவிப்பு. கொடிமரம் இல்லாத அந்த வெற்று வானம்தான் சோழமண்டலக் கரையின் முதல் புயல் எச்சரிக்கை.

*

கடலளவைப் பணியில் இருந்த மைக்கேல் டாப்பிங் இந்தக் கரையின் நீரோட்டங்களை ஆராய்ந்தவர். அவர் முயற்சியில் 1792இல் நுங்கம்பாக்கத்தில் வானாய்வகம் எழுந்தது. கருவியைத் தாங்குவதற்காக நட்ட கருங்கல் தூணில் தமிழ் உட்படப் பல மொழிகளில் கல்வெட்டு பொறித்தார்கள். அந்தத் தூண் இன்றும் கல்லூரிச் சாலையில் வானிலை மைய வளாகத்துக்குள் நிற்கிறது. நட்சத்திரம் பார்க்கக் கட்டிய இடம்தான் அது. ஆனால் 1796 முதல் ஜான் கோல்டிங்ஹாம் அங்கே காற்றழுத்தம், வெப்பம், காற்றின் திசை ஆகியவற்றையும் நாள்தோறும் குறித்துவைத்தார்.

கோல்டிங்ஹாமுக்கு நம் கரையோடு இன்னும் இரண்டு உறவுகள் உண்டு. 1798இல் வெளிவந்த ஏசியாடிக் ரிசர்ச்சஸ் ஐந்தாம் தொகுதியில் மாமல்லபுரத்துச் சிற்பங்களைப் பற்றிக் கட்டுரை எழுதியவர் அவரே. பல்லவர் பாறைகளைப் பார்த்த அதே கண்தான் பாதரசக் குழாயையும் பார்த்தது. மற்றொன்று ஒலிச் சோதனை. சென்னைக் கோட்டையிலும் பரங்கிமலையிலும் வழக்கமாக வெடிக்கும் பீரங்கியின் ஒளியைக் கண்டதிலிருந்து ஓசை செவியில் விழும்வரை எத்தனை நொடி என்று வானாய்வகத்தில் அமர்ந்து எண்ணினார். ஒவ்வொரு முறையும் வெப்பம், ஈரம், காற்றழுத்தம், காற்று வீசும் திசை எல்லாவற்றையும் பக்கத்தில் எழுதினார். காற்றின் நிலை மாறினால் ஒலியின் வேகமும் மாறும் என்று எண்களால் காட்டிய அந்தக் கட்டுரை 1823இல் லண்டனில் அச்சேறியது. அந்தப் பரங்கிமலை அப்போது செங்கல்பட்டுச் சீமையைச் சேர்ந்தது.

கோல்டிங்ஹாம் காற்றழுத்தத்தைக் குறிக்கத் தொடங்கிய ஆண்டுகளில் அதே சீமையில் இன்னொரு வெள்ளைக்காரர் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜாகீர் என்று அழைக்கப்பட்ட செங்கல்பட்டுப் பகுதியின் கலெக்டர் லயனல் பிளேஸ். மதுராந்தகம் ஏரி உடைத்துக்கொண்டே இருந்தது. எத்தனை முறை கரையைச் செப்பனிட்டாலும் அடைமழையில் அறுந்து போகும். ஒருநாள் இரவு கொட்டும் மழையில் அவர் கரைக்கு வந்தபோது வில்லேந்திய இளைஞர் இருவர் காவல் நிற்பதைக் கண்டார், கரை அன்றிரவு உடையவில்லை, நன்றியாகத் தாயாருக்குச் சன்னிதி கட்டிக் கொடுத்தார் என்பது ஊர்க்கதை. ஏரிகாத்த ராமர் கோயிலில் அவர் பெயர் பொறித்த கல்வெட்டு இருக்கிறது. கதையை நம்புவதும் விடுவதும் அவரவர் விருப்பம். அந்தக் கதைக்குள் இருக்கும் அச்சம் உண்மையானது. கலெக்டர் நடு இரவில் கரையில் நிற்க வேண்டியிருந்தது. இன்னும் எவ்வளவு மழை வரும் என்று சொல்ல அவருக்கு ஆளில்லை.

இந்த இரண்டு வெள்ளைக்காரர்களையும் ஒரே சட்டத்துக்குள் வைத்துப் பார்க்கும்போது எனக்கு மனசு கனக்கிறது. ஒருவர் நுங்கம்பாக்கத்தில் காற்றை அளக்கிறார். மற்றவர் எண்பது கிலோமீட்டர் தெற்கே ஏரிக்கரையில் தவிக்கிறார். இருவருக்கும் எசமான் ஒருவரே. ஆனால் அந்த அளவு ஏரிக்காக எடுக்கப்பட்டதல்ல. ஏரியும் அதைக் கேட்கவில்லை. கேட்கத் தெரிந்தது கப்பலுக்கு மட்டும்தான்.

உழவருக்குக் கணிப்பே இல்லை என்று சொல்லவில்லை. மார்கழியில் சூரியன் பூராடத்தைக் கடக்கும் நாட்களில் மேகம் கருக்கொள்கிறதா என்று பார்த்து அடுத்த ஆண்டு மழையைச் சொல்லும் கர்ப்போட்டக் கணக்கு பஞ்சாங்கத்தில் இன்றும் வருகிறது. சென்னை வானாய்வகத்தில் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாசாரி 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தவர்; கருவியால் கண்ட கிரக நிலைகளைக் கொண்டு பஞ்சாங்கத்தைத் திருத்தவும் முயன்றார். இரண்டு உலகமும் அறிந்த அவரைப் பற்றித் தனி அத்தியாயமே எழுத வேண்டும். ஆனால் பருவம் முழுவதற்குமான கணக்கு வேறு. இன்றிரவு கரை தாங்குமா என்ற கேள்வி வேறு.

*

புயல் சுழல்கிறது என்பதைக் கப்பல் தலைவர்களின் கைக்குக் கொண்டுவந்தவர் கல்கத்தாவில் இருந்த ஹென்றி பிடிங்டன். கப்பல்களின் நாட்குறிப்புகளைத் திரட்டி, புயலுக்குள் சிக்கிய ஒவ்வொரு கப்பலும் எந்தத் திசைக் காற்றைக் கண்டது என்று படத்தில் குறித்தார். 1848இல் அவர் எழுதிய நூலில்தான் 'சைக்ளோன்' என்ற சொல் பிறந்தது. கிரேக்க மொழியில் பாம்பின் சுருளைக் குறிக்கும் சொல்லிலிருந்து எடுத்தது. நூலோடு ஒளி ஊடுருவும் கொம்புத் தகடு ஒன்றும் வரும். அதில் வட்டங்களும் காற்றின் அம்புக்குறிகளும் வரைந்திருக்கும். கடல் வரைபடத்தின் மேல் அதை வைத்து, தன்மீது அடிக்கும் காற்றோடு பொருத்திப் பார்த்தால் மையம் எங்கே என்று மாலுமிக்குத் தெரிந்துவிடும். தேவனேரிக்காரர் வாசலில் உட்கார்ந்து செய்ததும் இதுதான்.

1864இல் அக்டோபரில் கல்கத்தாவையும் நவம்பரில் மசூலிப்பட்டினத்தையும் அடுத்தடுத்துப் புயல்கள் அழித்தன. மசூலிப்பட்டினத்தில் மட்டும் சுமார் 30,000 பேர் இறந்தார்கள். மறு ஆண்டே கல்கத்தா துறைமுகத்தில் புயல் எச்சரிக்கை முறை தொடங்கியது. 1875இல் ஹென்றி பிளான்ஃபோர்டை முதல் அலுவலராகக் கொண்டு இந்திய வானிலைத் துறை பிறந்தது. சென்னையில் அதே காலத்தில் செயற்கைத் துறைமுகம் கட்டத் தொடங்கியிருந்தார்கள். கட்டி முடியும் தறுவாயில் இருந்த அலைதடுப்புச் சுவர்களை 1881 நவம்பர் புயல் உடைத்துப் போட்டது. எச்சரிக்கை முறை ஒவ்வொரு துறைமுகமாகப் பரவி, 1898இல் இந்தியத் துறைமுகங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே குறியீடு வந்தது. இன்று நாம் புயல் எச்சரிக்கைக் கூண்டு என்று சொல்வது அதைத்தான். பகலில் கூம்பும் உருளையுமான வடிவங்களைக் கம்பத்தில் ஏற்றுவார்கள்; இரவில் விளக்குகள்.

கூண்டு எண்களின் பொருள் பலருக்கும் தெரியாது. எண் கூடக்கூட ஆபத்து கூடும் என்பது பாதி உண்மை. ஒன்றும் இரண்டும் தொலைவில் உருவானதைச் சொல்பவை. மூன்றும் நான்கும் துறைமுகத்துக்கே உரிய எச்சரிக்கை. ஐந்து, ஆறு, ஏழு ஆகிய மூன்றும் ஒரே அளவு அபாயம்தான். துறைமுகம் புயலின் பாதைக்கு இடப்பக்கம் இருந்தால் ஐந்து, வலப்பக்கம் இருந்தால் ஆறு, புயல் நேரே துறைமுகத்தின் மேலேயோ மிக அருகிலோ கடக்குமானால் ஏழு. எட்டு, ஒன்பது, பத்து என்பவை இதே மூன்று நிலைகள், பேரபாயத்தில். பதினொன்று என்றால் எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். அந்த எண்ணுக்குத்தான் நான் அதிகம் அஞ்சுவேன்.

இடது வலது என்பதைப் புயலின் கண்ணால் பார்க்க வேண்டும். கிழக்கிலிருந்து மேற்கே வருகிற புயல் மாமல்லபுரத்தில் கரை கடந்தால் சென்னை அதற்கு வலப்பக்கம், புதுச்சேரி இடப்பக்கம். கரையில் கடலைப் பார்த்து நிற்கும் நமக்கோ சென்னை இடக்கைப் பக்கம். செய்திகளில் ஐந்தும் ஆறும் இடம் மாறிப் போவதற்கு இந்தக் குழப்பம்தான் காரணம். வலப்பக்கத்தில் காற்று கடலிலிருந்து கரையை நோக்கி அடிக்கும். நீரைத் தள்ளிக்கொண்டு வரும். இடப்பக்கத்தில் அது நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். 2012 அக்டோபர் 31 மாலை நீலம் புயல் மாமல்லபுரத்தருகே கரை கடந்தபோது, வடக்கே பெசன்ட் நகரில் எண்ணெய்க் கப்பல் ஒன்று தரை தட்டியது. உயிர்காப்புப் படகில் இறங்கிய மாலுமிகள் சிலர் அலையில் மாண்டார்கள். புயல் கடந்த இடமோ ஐம்பது கிலோமீட்டர் தெற்கே. புயலுக்கு வலப்பக்கம் என்றால் என்ன என்பதற்கு அந்த மாலையைவிடத் துயரமான விளக்கம் எனக்குத் தெரியாது.

சென்னைக்குக் கூண்டு உண்டு. புதுச்சேரிக்கும் உண்டு. இரண்டுக்கும் நடுவே கோவளம், நெம்மேலி, பட்டிபுலம், தேவனேரி, கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம், கடலூர் சின்னக்குப்பம், கடப்பாக்கம் என்று நீளும் குப்பங்களுக்குத் தனி எண் எதுவும் இல்லை. பழைய துறைமுகங்கள் செத்தன. அவற்றோடு கேள்வி கேட்கும் உரிமையும் போய்விட்டது போலும்.

*

குப்பத்துக்கும் ஏரிக்கும் வானிலை வந்து சேர்ந்தது வானொலி வழியாகத்தான். "வங்கக்கடலில் நிலைகொண்டுள்ள காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்" என்ற தொடரை எங்கள் வீட்டில் பாட்டி முதல் பேரன் வரை மனப்பாடமாகச் சொல்வார்கள். அதில் ஒவ்வொரு சொல்லுக்கும் அளவு உண்டு. தாழ்வு மண்டலம் என்றால் மணிக்கு 31 முதல் 49 கிலோமீட்டர் காற்று. ஆழ்ந்த தாழ்வு மண்டலம் என்றால் 61 வரை. 62ஐத் தொட்டால்தான் புயல், அப்போதுதான் பெயர். மழையிலும் அப்படியே. "ஓரிரு இடங்களில்" என்பது மழுப்பல் அல்ல, நூற்றுக்கு 25 நிலையங்களுக்கு மேல் போகாது என்ற கணக்கு. "ஒருசில இடங்களில்" என்றால் பாதி வரை. 24 மணி நேரத்தில் 7 முதல் 11 சென்டிமீட்டர் கனமழை, 12 முதல் 20 மிக கனமழை, அதற்கு மேல் அதி கனமழை. இந்தச் சொற்களுக்கு மக்கள் நடுவே முகம் கொடுத்தவர் எஸ்.ஆர். ரமணன். 2016இல் ஓய்வு பெறும்வரை பள்ளிப் பிள்ளைகள் அவர் வாயைப் பார்த்தபடி காத்திருந்தார்கள். விடுமுறை அறிவிப்பது அவர் வேலையல்ல என்று அவரே எத்தனை முறை சொன்னாலும் பிள்ளைகள் கேட்கவில்லை. நிதானமான தமிழில் அறிவியலைப் பேசினால் ஊர் நின்று கேட்கும் என்று காட்டிய மனிதர் அவர்.

பின்னணியில் கருவிகள் மாறின. 1973இல் சென்னையில் புயல் காணும் ராடார் வந்தது. 2002இல் துறைமுக நூற்றாண்டுக் கட்டடத்தின் உச்சியில் நாட்டின் முதல் டாப்ளர் வானிலை ராடார் சுழலத் தொடங்கியது. பழைய ராடார் மழை எங்கே இருக்கிறது என்று மட்டும் காட்டும். டாப்ளர் அந்த மழைத்துளிகள் நம்மை நோக்கி வருகின்றனவா, விலகுகின்றனவா, எவ்வளவு வேகத்தில் என்பதையும் சொல்லும். மேலே செயற்கைக்கோள், கடலில் மிதவைகள், கணினியில் வளிமண்டல மாதிரிகள். ஒரு நாள் முன்பு சொல்லும் புயல் பாதையில் சராசரிப் பிழை இன்று 100 கிலோமீட்டருக்குக் கீழே இறங்கிவிட்டது. பெரும் சாதனை, இதனால் பிழைத்த உயிர்களுக்குக் கணக்கில்லை. மாண்டஸ் மாமல்லபுரத்தை ஒட்டிக் கரை கடக்கும் என்று முன்பே சொன்னார்கள், அப்படியே கடந்தது. கப்பலின் கேள்விக்கு இருநூற்றைம்பது ஆண்டு கழித்து நல்ல பதில் கிடைத்துவிட்டது.

ஆனாலும் மாமல்லபுரத்திலிருந்து சென்னை ஐம்பத்தைந்து கிலோமீட்டர். புதுச்சேரி நூற்றுக்கும் சற்றுக் குறைவு. வங்கக்கடலின் விரிவில் சிறியதாகத் தெரியும் பிழை, கரைக்கு வந்ததும் ஒரு மாவட்டத்தின் அகலம்.

*

ஏரியின் கேள்வி அப்படியே நிற்கிறது.

2015 டிசம்பர் 1 அன்று வங்கக்கடலில் புயல் எதுவும் இல்லை. பெயர் வைக்கும் அளவுக்குக் காற்று இல்லை. கரையில் ஒரு கூரையும் பறக்கவில்லை. அந்த ஆண்டு பசிபிக் கடலில் வலுவான எல் நினோ. தென்மேற்குப் பருவமழையைக் கெடுக்கும் அது வடகிழக்குப் பருவமழையைப் பெருக்குவதுண்டு. நவம்பர் மழையில் ஏரிகள் ஏற்கெனவே தளும்பி நின்றன. மறுநாள் காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்தில் 47. மிக கனமழை வரும் என்ற எச்சரிக்கை இருந்தது. ஆனால் 20ஐத் தாண்டினால் எல்லாமே "அதி கனமழை" என்ற ஒரே பெட்டிக்குள் போய்விடும். 21க்கும் 49க்கும் நடுவே உள்ள வேறுபாட்டில்தான் முடிச்சூர் மூழ்கியது. செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29,000 கன அடி திறந்துவிடப்பட, அடையாற்றின் இரு கரையும் தண்ணீரில் போயின. எத்தனையோ பெயர் பெற்ற புயல்கள் செய்யாததை அந்தப் பெயரில்லா மழை செய்தது.

2024 நவம்பரில் ஃபெஞ்சல். அது புயலாகுமா ஆகாதா என்பதிலேயே கணிப்பு முன்னும் பின்னும் ஆடியது. 29ஆம் தேதிதான் புயலானது. 30ஆம் தேதி சென்னையும் செங்கல்பட்டும் நாள் முழுக்க நடுங்கிக் காத்திருந்தன. இரவு புதுச்சேரி அருகே கரை ஏறிய புயல், ஏறிய இடத்திலேயே மணிக்கணக்கில் நகராமல் நின்றது. அதைத் தள்ளிக்கொண்டு போக மேலடுக்குக் காற்றுக்கு வலு இல்லை. மறுநாள் காலைக் கணக்கில் மயிலத்தில் 51 சென்டிமீட்டர், புதுச்சேரியில் 49. பாதைக் கணிப்பு ஏறத்தாழச் சரி. நின்று பெய்யும் இடம் மட்டும் ஒரு மாவட்டம் தெற்கே. அது எங்கள் ஏரிகளின் மேல் நின்றிருந்தால் என்று நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

மழையளவைக் கணிப்பது பாதையைக் கணிப்பதைவிடக் கடினம். புயல் சில நூறு கிலோமீட்டர் அகலமுள்ள உடல். ஊரை மூழ்கடிக்கும் மழைமேகமோ பத்திருபது கிலோமீட்டர்தான். அது எந்த ஊரின் மேல் எழும், எத்தனை நேரம் ஒன்றன்பின் ஒன்றாக அதே இடத்துக்கு வரும் என்பது சில மணி நேரத்துக்கு முன்புதான் ராடாரில் தெரிகிறது. அந்தச் சில மணி நேரம் ஏரிக்குப் போதாது. மதகைத் திறந்து நீர்மட்டத்தைத் தாழ்த்தக் குறைந்தது ஒரு நாளாவது வேண்டும். முன்கூட்டித் திறந்து மழை பொய்த்தால் கோடையில் நாற்று கருகும். அந்தப் பழியையும் யாராவது சுமக்க வேண்டும்.

ஃபெஞ்சல் கடந்த மறுவாரம் மதுராந்தகம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் நீர்க்கட்டி ஒருவரைப் பார்த்தேன். அவருடைய அப்பாவும் தாத்தாவும் அதே ஏரிக்கு நீர்க்கட்டிகள். மடை திறப்பது, அடைப்பது, கலங்கல் போகும்போது இரவெல்லாம் கரையில் சாக்குப்பையும் மண்வெட்டியுமாய்க் காவல் இருப்பது, எல்லாம் அவர் பொறுப்பு. பேசிக்கொண்டே சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்து ராடார் படத்தைக் காட்டினார். பச்சை, மஞ்சள், சிவப்பு. மகன் கற்றுக்கொடுத்தானாம்.

"இத தெனம் பாக்கறன் சார். பத்து சென்டிமீட்டர், இருவது சென்டிமீட்டர்னு நியூஸ்லயும் சொல்றாங்க. எங்க ஏரிக்கு அது எத்தினி அடின்னு யாரும் சொல்ல மாட்றாங்களே. உங்களுக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரிந்த கணக்கைச் சொன்னேன். பத்து சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்பில் பத்து சென்டிமீட்டர் பெய்தால் மூன்றரைக் கோடி கன அடி. அதில் எவ்வளவு மண் குடிக்கும், மேல் ஏரி எவ்வளவு பிடித்துக்கொள்ளும், எவ்வளவு இங்கே வந்து சேரும் என்பது முந்தைய வார மழையைப் பொறுத்தது.

பொறுமையாகக் கேட்டார். பிறகு கலங்கல் பக்கம் கைகாட்டினார். கல்லில் சுண்ணாம்பால் போட்ட கோடுகள், அவர் அப்பா காலத்திலிருந்து. மேல் ஏரி நிரம்பிய சேதி வந்தால் எந்தக் கோடு, இரவில் தவளைச் சத்தம் அடங்கி மழை வலுத்தால் எந்தக் கோடு என்று விரலால் தொட்டுத் தொட்டுச் சொன்னார். மேலிருந்து இரண்டாவது கோட்டுக்கு நான்கு விரற்கடை கீழே அன்று தண்ணீர் நின்றது.

(அடுத்த இதழில்: 1977 நவம்பரில் ஒரே வாரத்தில் இரண்டு புயல்கள்)